கொடி ஏறிய பிறகும் ஓடும் படம்

வரிசையாக நிற்கிறார்கள். எல்லாருக்கும் மேல்கோட்டு ஓர் அளவு பெரிது. கைப்பகுதி விரல்நுனி வரை இறங்கியிருக்கிறது. தொப்பிக்குக் கீழே காதுகள் விடைத்துக்கொண்டு தெரிகின்றன. கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, முதுகு வளைந்த ஒரு மனிதர் வரிசையின் ஒரு முனையிலிருந்து நடந்து வருகிறார். ஒவ்வொருவனிடமும் நின்று கை கொடுக்கிறார். ஒருவனின் கன்னத்தைத் தட்டுகிறார். அவனுக்குச் சிரிக்கலாமா, விறைப்பாகவே நிற்க வேண்டுமா என்று தெரியவில்லை. உதடு பாதி திறந்து மூடிக்கொள்கிறது. அடுத்தவன் தன் முறைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு இன்னும் மீசை அரும்பவில்லை.

இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களைப் பற்றித் தொலைக்காட்சியில் வரும் ஆவணப்படங்களில் இந்தக் காட்சி அநேகமாகத் தவறாது. நடந்து வருபவர் ஹிட்லர். நிற்பவர்கள் அவருடைய இளைஞர் படைச் சிறுவர்கள். அவர்களில் மிகச் சிறியவனுக்கு வயது 12. காயம்பட்ட படைவீரர்களைக் குண்டுவீச்சுக்கு நடுவே மீட்டு வந்ததற்காக அவனுக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தார்கள். அவன் பிழைத்தான், கிழவனாகும் வரை வாழ்ந்தான் என்பதை அறிந்தபின்தான் அந்த முகத்தை என்னால் சற்று நிதானமாகப் பார்க்க முடிந்தது.

பல படங்களில் இந்தக் காட்சியோடு வரும் வர்ணனை, ‘1945 ஏப்ரல் 20, ஹிட்லரின் 56ஆவது பிறந்தநாள்’ என்று சொல்லும். அது தவறு. இந்தச் சுருள் ஜெர்மன் அரசு வெளியிட்ட கடைசி வாராந்திரச் செய்திப்படத்தில் வந்தது. அந்தச் செய்திப்படம் வெளியான நாள் மார்ச் 22. ஒரு மாதம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடிமுழுகிப்போய்விடும் என்று தோன்றலாம். எனக்கு அந்த ஒரு மாதம் பெரிதாகப் படுகிறது. பிறந்தநாள் என்றால் எல்லாம் முடியப்போகிறது, பையன்களுக்கு இன்னும் சில நாள்தான் என்று மனம் ஆறிவிடும். மார்ச் என்று தெரிந்து பார்த்தால் அவர்களுக்கு முன்னால் இன்னும் ஏறக்குறைய ஏழு வாரப் போர் கிடக்கிறது.

அன்றைய செய்திப்படத்தில் சேர்க்காமல் விட்ட ஒரு துண்டையும் பின்னாளைய படங்கள் காட்டுகின்றன. ஹிட்லரின் இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விரல்கள் நிற்காமல் நடுங்குகின்றன. முன்னால் நின்ற சிறுவர்களின் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. கேமராவுக்குத் தெரிந்தது. தெரிந்ததை வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள்.

அதற்குள் போரின் முடிவு தெரிந்துவிட்டிருந்தது. ஜனவரி 12 அன்று விஸ்டுலா ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்ட சோவியத் படை, மாதம் முடிவதற்குள் ஓடர் ஆற்றை எட்டிவிட்டது. அங்கிருந்து பெர்லின் அறுபது எழுபது கிலோமீட்டர். மேற்கில் மார்ச் 7 அன்று ரெமாகென் பாலம் இடிபடாமல் அமெரிக்கர் கையில் சிக்கியது. ரைன் ஆற்றைத் தாண்ட வழி கிடைத்துவிட்டது. ஆனாலும் சாவு குறையவில்லை, ஏறியது. ஜெர்மன் படைகளின் உயிரிழப்பைக் கணக்கிட்டு 1999இல் வெளியிட்ட ரூடிகர் ஓவர்மன்ஸ், 1945 ஜனவரியில் மட்டும் இறந்த ஜெர்மன் வீரர்கள் நாலரை லட்சம் பேர் என்கிறார். ஸ்டாலின்கிராடு நடந்த எந்த ஒரு மாதத்திலும் அத்தனை பேர் சாகவில்லை. ஜனவரி தொடங்கிப் போர் ஓயும் வரை 12 லட்சத்துக்கும் மேல். மறுபக்கம், பெர்லினைப் பிடிக்க நடந்த மூன்று வாரப் படையெடுப்பில் மட்டும் சோவியத், போலந்து வீரர்கள் 81,000 பேர் மாண்டோ காணாமலோ போனார்கள். தோற்றுவிட்டோம் என்று அறிந்த ஒரு தலைமை சரணடைய மறுத்தது, அதன் தளபதிகள் கீழ்ப்படிந்தார்கள். இந்தச் சாவுகளுக்குப் போரின் பெயரைச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் ஒப்பவில்லை. இவை கொலைகள்.

இப்படிப்பட்ட படங்களை ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, மறுமுறை ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அப்போதுதான் அவை எடுக்கப்பட்ட விதத்தில் கண்ணுக்கு வருகின்றன. போர்முனையில் எடுத்த சுருள்களில் பெரும்பாலானவற்றில் ஒலி கிடையாது. நாம் கேட்கும் பீரங்கி முழக்கம், டாங்கிச் சங்கிலியின் கறகறப்பு, கண்ணாடி நொறுங்கும் ஓசை எல்லாம் பல ஆண்டு கழித்து ஒலிக்கூடத்தில் சேர்த்தவை. படம்பிடித்தவர்கள் கையில் ஏந்திய கேமராக்கள் பலவற்றில் 100 அடிச் சுருள்தான் போடலாம். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். அதற்குள் அவர்கள் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு காட்சியும் நாலைந்து விநாடியில் முறிவதற்குத் தொகுப்பாளர் மட்டும் காரணமில்லை. படம்பிடித்தவர் சுருளைக் கஞ்சத்தனமாகச் செலவழித்தார், தலையையும் காத்துக்கொண்டார்.

1973 அக்டோபர் 31 முதல் 1974 மே 8 வரை பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 26 பகுதிகளாக வந்த ‘தி வேர்ல்ட் அட் வார்’ தொடரை இந்த வகையின் தாய் என்று சொல்லலாம். ஜெரமி ஐசக்ஸ் தயாரித்தார், லாரன்ஸ் ஒலிவியே வர்ணனை பேசினார், கார்ல் டேவிஸ் இசையமைத்தார். அதன் 21ஆவது பகுதி ஜெர்மனியின் கடைசி மாதங்களைப் பற்றியது. ஒலிவியேவின் குரல் அதில் அவசரப்படாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் படத்துக்கு வழிவிட்டு ஒதுங்கும். பிற்காலப் படங்களில் அந்த ஒதுங்கல் அரிதாகிவிட்டது. வண்ணம் ஏற்றுகிறார்கள், இசையை நிறுத்தாமல் அடிக்கிறார்கள், இறந்துகிடப்பவன் முகத்தின்மேல்கூட ஒரு வயலின் ஓலமிடுகிறது. அந்த முகத்துக்கு வயலின் தேவையில்லை.

ஏப்ரல் 16, விடிவதற்கு முன். ஓடர் ஆற்றுக்கு மேற்கே ஸீலோ மேடுகள். திரை முழுக்க ஒளிப்பிழம்பு. பீரங்கி வாய்களிலிருந்து வெளிச்சம் பீறிட்டு அணைகிறது. கத்யூஷா ராக்கெட்டுகள் வரிசையாகக் கிளம்பி இருட்டில் கோடு இழுக்கின்றன. பிறகு சர்ச்லைட்டுகள். சோவியத் தளபதி ஜூக்கோவ் 143 சர்ச்லைட்டுகளை வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் எரியவிட்டார். எதிரியின் கண்ணைக் கூசவைத்து அந்த வெளிச்சத்தில் தன் படை முன்னேற வேண்டும் என்பது திட்டம். திரையில் பார்க்க எவ்வளவு பிரம்மாண்டம்! நடந்தது வேறு. குண்டுகள் கிளப்பிய புகையிலும் புழுதியிலும் பட்டு வெளிச்சம் திரும்பி வந்தது. முன்னேறியவர்களே குருடானார்கள். மேட்டின்மேல் இருந்த ஜெர்மானியர்களுக்கு அந்த ஒளித்திரையில் நிழலாகத் தெரிந்தார்கள். குண்டுமழை பொழிந்த முன்வரிசைப் பதுங்குகுழிகளில் அதிகம் பேர் இல்லை, முந்தியே பின்வரிசைக்கு நகர்ந்துவிட்டிருந்தார்கள். அந்த மேட்டைத் தாண்ட ஏப்ரல் 19 ஆகிவிட்டது.

படம் இந்த இடத்தில் வரைபடத்துக்குத் தாவும். சிவப்பு அம்புகள் பெர்லினை நோக்கி வளையும். வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து இன்னொரு சோவியத் தளபதி கோனெவின் படை. ஏப்ரல் 25 அன்று வட்டம் மூடிக்கொள்கிறது. அன்றே எல்ப ஆற்றங்கரையில் டார்காவ் ஊரில் அமெரிக்க, சோவியத் வீரர்கள் சந்தித்துக்கொள்கிறார்கள். உடைந்த பாலத்தின்மேல் கைநீட்டிக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற படம், சந்திப்பு முடிந்த பிறகு கேமராவுக்காக மறுபடி நடத்திக் காட்டியது. அம்புகள் அழகாக நகர்கின்றன. அம்பு நகரும் நேரத்தில் என் கண் வரைபடத்தின் வெற்றிடங்களில் தங்கிவிடுகிறது. அங்கே ஊர்கள் இருந்தன.

பிறகு நகரம்.

ஒரு டிராம் வண்டி சாலைக்குக் குறுக்கே நிற்கிறது. உள்ளே இருக்கை மட்டம் வரை இடிபாட்டுச் செங்கல். அதுதான் தடுப்பரண். அதன் ஓரமாக ஒருவர் நடந்து போகிறார். அறுபதை நெருங்கும் வயது, அலுவலகத்துக்குப் போகிறவர் அணியும் மேல்கோட்டு, தலையில் நாகரிகமான தொப்பி. கையில் ஒரு துணிப்பட்டை கட்டியிருக்கிறது. சீருடை என்று அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். தோளில் பான்ஸர்ஃபௌஸ்ட். ஒரே ஒரு முறை சுடக்கூடிய டாங்கி எதிர்ப்பு ஆயுதம். டாங்கியை அறுபது மீட்டர் வரை நெருங்கவிட்டுத்தான் சுட வேண்டும். சுட்ட பிறகு என்ன செய்வது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1944 அக்டோபரில் அமைத்த மக்கள் படையில் 16 முதல் 60 வயது வரை ஆண்கள் எல்லாரையும் சேர்த்தார்கள். இவர் கேமராவை ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். சாலை ஓரத்தில் நம்மிடம் வழி கேட்டுவிட்டுப் போகும் ஒரு பெரியவரின் பார்வை அது. இரண்டு விநாடி. அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

பெண்கள் வரிசை. தெருவோரத்துக் கைப்பம்பு ஒன்று, அதற்குமுன் வாளிகள், கேன்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டிகூட இருக்கிறது. நகரத்தின் குழாய்களில் தண்ணீர் நின்றுவிட்டது. குண்டு விழும்போதும் இடத்தைவிட்டு நகராமல் நின்றார்கள் என்று அந்த நாட்களைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். வரிசையில் ஒருத்தி கைக்குழந்தையோடு நிற்கிறாள். குழந்தை அவள் தலைத்துணியின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்கிறது. படத்தில் எந்தத் தளபதியைவிடவும் அந்தக் குழந்தையைத்தான் நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சில வீட்டு ஜன்னல்களில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு தொங்குகிறது. சாதாரணமாகக் கடந்துபோகிற காட்சி. ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார்: வெள்ளைக்கொடி தெரிகிற வீட்டின் ஆண்கள் அனைவரையும் சுட்டுவிட வேண்டும். விரிப்பைச் சற்று முன்னதாகத் தொங்கவிட்டால் தன் நாட்டுப் படை சுடும். சற்றுப் பிந்தினால் எதிரியின் டாங்கி சுடும். அந்த நேரத்தைக் கணித்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். நடமாடும் இராணுவ நீதிமன்றங்கள் தெருத்தெருவாகச் சுற்றின. படையைவிட்டு ஓடினான் என்று சொல்லி விளக்குக் கம்பங்களில் தூக்கிலிட்டார்கள், கோழை என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். ஆவணப்படங்கள் இதை ஒரு கணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. காலணி இல்லாத கால்கள் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது கொடி. எல்லாரும் எதிர்பார்க்கும் கட்டம். ரைஷ்டாக் கட்டடத்தின் படிகளில் சோவியத் வீரர்கள் பகல் வெளிச்சத்தில் ஓடி ஏறுகிறார்கள். உச்சியில் சிவப்புக்கொடி விரிகிறது. உண்மையில் கொடி ஏறியது ஏப்ரல் 30 இரவு. இருட்டில், உள்ளே மாடிக்கு மாடி சண்டை நடந்துகொண்டிருக்கும்போது. அதைப் படம்பிடிக்க வழியில்லை. பகலில் ஓடுகிற காட்சிகள் சண்டை ஓய்ந்தபின் எடுத்தவை. உலகம் முழுக்கப் பரவிய அந்தப் புகைப்படத்தை எவ்கெனி ஹால்டெய் மே 2 அன்று எடுத்தார். கொடியை மாஸ்கோவில் சிவப்பு மேசைவிரிப்புகளிலிருந்து தெரிந்த தையற்காரரிடம் தைத்து வாங்கி, தானே கொண்டுபோயிருந்தார். பிறகு புகையைக் கூட்டினார். கொடி பிடித்தவனைத் தாங்கி நின்ற வீரனின் இரு மணிக்கட்டிலும் கைக்கடிகாரம் போலத் தெரிந்ததால், கொள்ளையடித்தான் என்ற பேச்சு வராதிருக்க ஒன்றைச் சுரண்டி எடுத்தார்.

இதைத் தெரிந்துகொண்டபின் அந்தப் படம் பொய் என்று தள்ளிவிடும் நண்பர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்காக இறந்தவர்கள் இறந்தார்கள். பெர்லின் சரணடைய இரண்டே நாள் இருந்தபோது இறந்தார்கள். 1933 தீவிபத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் கூடாத, வெறுங்கூடாக நின்ற கட்டடம் அது. அதைப் பிடித்ததால் போர் ஒரு மணி நேரம்கூட முன்னதாக முடியவில்லை. மே தின விழாவுக்கு முன் கொடி ஏற வேண்டும் என்ற மேலிடத்து அவசரம் அத்தனை பேரை அந்தப் படிகளில் கிடத்தியது. ஹால்டெய் சுரண்டிய கடிகாரத்தைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது. வீரர்கள் கரியாலும் சுண்ணக்கட்டியாலும் சுவரில் எழுதிய பெயர்கள் 1990களில் கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளிப்பட்டன. கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் அவற்றை அழிக்காமல் காத்தார். ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இன்றும் அந்தப் பெயர்களைக் கடந்துதான் நடக்கிறார்கள்.

எந்தச் சுருளிலும் இல்லாத ஒன்று உண்டு. பெர்லின் பெண்களுக்கு அந்த வாரங்களில் நேர்ந்தது. வல்லுறவுக்கு ஆளானவர்கள் ஒரு லட்சம் அளவில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த நிலவறைகளுக்குள் எந்தக் கேமராவும் இறங்கவில்லை. ஒரு பெண் பெயர் சொல்லாமல் எழுதிய நாட்குறிப்பு 1959இல் ஜெர்மன் மொழியில் வந்தபோது, பெண்களின் மானத்தைக் கெடுத்துவிட்டாள் என்று அவளையே ஏசினார்கள். தான் உயிரோடு இருக்கும்வரை மறுபதிப்பு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். 1992இல் ஹெல்கே ஸாண்டர் எடுத்த ஆவணப்படத்தில்தான் அந்தப் பெண்கள் பலர் கேமரா முன் அமர்ந்து பேசினார்கள். வயதாகிவிட்டிருந்தது. நாற்பத்தேழு ஆண்டுகள் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. போர் ஆவணப்படம் எடுக்கிற யாரும் தன் தொழிலைப் பற்றி வெட்கப்பட வேண்டிய இடம் இது.

பேசும் முகங்களை வைத்து வேறொரு விதமான படமும் வந்தது. ஹிட்லரின் கடைசி உயிலைத் தட்டச்சு செய்த செயலாளர் ட்ரௌடல் யுங்கெ, 1973 தொடரிலும் பேசியிருக்கிறார். அப்போது ஐம்பதைத் தாண்டியவர், செய்தியைச் சொல்வதுபோல் சொல்கிறார். 2002இல் வந்த படத்தில் அவர் எண்பதைத் தாண்டியவர். அந்தப் படத்தில் பழைய சுருள் ஒரு அடிகூட இல்லை. பீரங்கி இல்லை, கொடி இல்லை, இசை இல்லை. கிழவியின் முகம் மட்டும். ஸோஃபி ஷோல் என்ற மாணவிக்கு வைத்த நினைவுப்பலகையைத் தற்செயலாகப் பார்த்ததைச் சொல்கிறார். ஷோல் அவரைவிட ஒரு வயது இளையவர். நாஜிகளை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்ததற்காக 1943 பிப்ரவரியில் தலை வெட்டப்பட்டவர். யுங்கெ ஹிட்லரிடம் வேலைக்குச் சேர்ந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சின்னப்பெண், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அதுவரை சொல்லிவந்தது இனி செல்லாது என்று அவர் அந்தப் படத்தில் ஒப்புக்கொள்கிறார். படம் வெளியான அதே நாட்களில் இறந்துபோனார். போரின் முடிவைப் பற்றி நான் பார்த்தவற்றில் இதைவிடக் கனமான காட்சி வேறில்லை.

கேமரா போகாத இடம் இன்னொன்று ஹால்பெ. பெர்லினுக்குத் தெற்கே பைன்மரக் காடு. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஜெர்மன் ஒன்பதாம் படை அங்கே சூழப்பட்டது. கூடவே வண்டிகளிலும் நடையுமாக ஓடிவந்த அகதிகள். மேற்கே அமெரிக்கரிடம் சரணடையலாம் என்று எல்லாரும் அந்த ஒற்றைச் சிற்றூர் வழியாக முண்டியடித்தார்கள். குண்டுகள் மரங்களின் உச்சியில் வெடித்து மரச்சிம்புகளாகக் கீழே இறங்கின. பெரும்பாலான ஆவணப்படங்கள் ஹால்பெயை ஒரு வாக்கியத்தில் கடக்கின்றன, ஏனென்றால் காட்ட ஒன்றுமில்லை. போருக்குப் பின் எர்ன்ஸ்ட் டைஷ்மன் என்ற பாதிரியார் காட்டில் சிதறிக் கிடந்தவர்களைத் தோண்டியெடுத்து ஓரிடத்தில் அடக்கம் செய்யப் பாடுபட்டார். அந்த இடுகாட்டில் இன்று 20,000க்கும் மேற்பட்டோர் கிடக்கிறார்கள். நிறையக் கற்களில் பெயர் இல்லை. இன்றைக்கும் காட்டில் எலும்புகள் கிடைக்கின்றன, இன்றைக்கும் அடக்கம் நடக்கிறது.

மே 2 அன்று நகரத்தின் தளபதி வைட்லிங் சரணடைந்தார். தெம்பல்ஹோஃப் பகுதியில், சூய்க்கோவின் முன்னால். சூய்க்கோவ் ஸ்டாலின்கிராடைக் காத்தவர். படம் இங்கே முடிந்துவிடாது. இன்னும் இரண்டு மூன்று நிமிடம் ஓடும். நிலவறைப் படிகளில் கைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மேலே வருவார்கள், வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கியபடி. சிறைப்பட்டவர்களின் வரிசை தெருவின் கோடி வரை நீளும். அதில் கிழவர்களும் இருப்பார்கள், இரண்டு பையன்களும் இருப்பார்கள். பிராண்டன்பர்க் வாயிலருகே ஒரு சோவியத் பெண் வீரர் கொடியசைத்து வண்டிகளை ஒழுங்குபடுத்துவார். படைச் சமையல் வண்டியின் முன்னால் பெர்லின் குழந்தைகள் பாத்திரத்தோடு நிற்பார்கள், நேற்றுவரை சுட்டவன் கரண்டியால் ஊற்றுவான். அது பிரசாரத்துக்காக எடுத்த காட்சி என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அந்தக் குழந்தைகளின் பசி நடிப்பில்லை.

கொடி ஏறியதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள், அல்லது சானலை மாற்றிவிடுகிறார்கள். இந்தப் படம் அடுத்த முறை ஓடும்போது எழுந்திருக்காதீர்கள். வரிசையில் போகிற முகங்களை முடிந்த அளவு ஒவ்வொன்றாகப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், பீரங்கிக் காட்சிக்கு அவர்களைக் கூப்பிட வேண்டாம், இந்தக் கடைசி நிமிடங்களுக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.